சட்டத்தை எழுதினது ஆர்?

கல்குடாக் கடற்கரையில கூடிக் கதைக்கிற நேரம் அடிக்கடி வாற கதை ஒன்று: "காணி வழக்கு எத்தனை வருசமா இழுபடுது! ராசா காலம் எண்டா ஒரே நாளில தீர்ப்பு." எங்களுக்கு இதில உடன்பாடு இல்லை.

மட்டக்களப்பும் ஒருகாலம் கண்டி ராசாவுக்குக் கீழ இருந்ததுதான். 1638இல் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரோட ஒப்பந்தம் செய்ததும் இங்கதான். கண்டியில சட்டத்தின் ஊற்றும் அரசன், கடைசி நீதிமன்றமும் அரசன். முறைப்பாடு எடுபடாதவர்கள் அரண்மனைக்குக் கிட்ட மரத்தில ஏறி நின்று கத்தி முறையிடுவார்கள் என்று ஜோன் டொய்லி எழுதியிருக்கிறார். சரி, அந்த அரசனே எதிராளி ஆனால்? 1814இல் எகலப்பொல மீதிருந்த கோபத்துக்கு, அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொல்வித்தான் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். அவர்கள் எந்த மரத்தில ஏறுறது?

அப்ப, எழுதி வைத்தால் போதுமா? அதுவும் இல்லை. 1707இல் ஒல்லாந்து ஆளுநரின் கட்டளைப்படி கிளாஸ் ஈசாக்ஸ் யாழ்ப்பாணத்துத் தேசவழமையைத் தொகுத்தார். சரிபார்த்தது 12 முதலியார்மார். எல்லாரும் ஆம்பிளையள். அந்த வழியில வந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன்ர சொந்தக் காணியை விற்க இன்றைக்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும்.

எங்கட பக்கம் இருந்தது முக்குவர் வழமை. குடி தாய்வழி; முதுசம் மாமனிட்ட இருந்து சகோதரியின் பிள்ளைகளுக்கு. 1876இல் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோட அது நீதிமன்றத்தில முடிஞ்சு போச்சு. இப்ப பொதுச் சட்டத்தில, மரணசாசனம் இல்லாட்டி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனாலும் வீடுவளவு மகளுக்குத்தான் எண்ட வழக்கம் இன்னும் போகல்ல.

அரச காணியில கதை வேற. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்துப் பட்டியலில மகனுக்குப் பிறகுதான் மகள். அதைத் திருத்த 2022 ஆச்சு. 87 வருசம்! வெட்கம்தான். ஆனா கவனிங்க: எழுத்தில இருந்தபடியால்தான் எந்த வரி பிழை எண்டு காட்டிச் சண்டை பிடிக்க முடிஞ்சுது. ராசாவின் வாயில இருக்கிற சட்டத்தை ஆர் திருத்துறது?

தாமதம் அநியாயம்தான், மறுக்கல்ல. அதுக்குக் கேட்க வேண்டியது கூடுதல் நீதவான்களையும், விளங்குற தமிழில சட்டத்தையும், அதை எழுதுற மேசையில பெண்களுக்கு இடத்தையும். ராசாவை இல்லை.

இண்டைக்கே ஒரு வேலை செய்யுங்க. வீட்டு அலுமாரியில இருக்கிற உறுதியையோ பெர்மிட்டையோ எடுத்துப் பாருங்க. ஆர்ர பேர் இருக்கு? பின்னுரித்தாளியா ஆரைப் போட்டிருக்கு? அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் அது தெரியுமா?