ஆம்ப் பெருசா... விரல் பெருசா?

கிடார் வாங்கியாச்சு. எஃப் கார்டு பிடிச்சுப் பிடிச்சு விரல் நுனி காய்ச்சுப் போய், 'இளைய நிலா' ஆரம்பத்தை ரூம்மேட் அடையாளம் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தேறியாச்சு. அடுத்து என்ன பாஸ்? எலெக்ட்ரிக் கிடார். அதுக்கு அடுத்து? ஆம்ப்! இங்கேதான் ஆரம்பிக்குது வம்பு.

'எத்தனை வாட்ஸ் வாங்கலாம் மச்சி?', 'எந்த ஆம்ப் வாங்கினா அந்த டோன் வரும்?' - கேன்டீன்ல ரெண்டு கிடாரிஸ்ட்கள் ஒண்ணா உட்கார்ந்தா பேச்சு இதுதான். தாளம் பத்தி, ஸ்கேல் பத்திப் பேசுற ஆள் அபூர்வம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யூடியூப்ல ஆம்ப் ரிவ்யூ ஓடும். கிடார் பாவம், உறைக்குள்ள நிம்மதியாத் தூங்கும்.

கேட்க ஜாலியாத்தான் இருக்கு. ஆனா, இதுல சிரிக்க முடியாத விஷயம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, வீட்டுக் காசு. செமஸ்டர் ஃபீஸுக்கும் மெஸ் பில்லுக்கும் நடுவுல அப்பா எப்படியோ புரட்டித் தர்ற பணம். இன்னொண்ணு, பேண்ட் செலக்‌ஷன் நோட்டீஸை ரெண்டு தடவை படிச்சுட்டு, பேர் கொடுக்காமலே நகர்ந்துபோற ஜூனியர். 'ஏன்டா வரலை?'னு கேட்டா, 'என்கிட்ட நல்ல ஆம்ப் இல்லண்ணா'ங்கிறான். கையில வித்தை இருக்கிறவன், பெட்டி இல்லைனு ஒதுங்கிடுறான். இந்த வாரம் அவனுக்காகத்தான் எழுதுறேன்.

குப்பையில் கிடைத்த போர்டு!

'குயின்' பேண்டைத் தெரியும்தானே? அதோட பேஸ் கிடாரிஸ்ட் ஜான் டீக்கன், லண்டன்ல எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவர். நம்ம ஆளு! 1970-களின் ஆரம்பத்துல ரோட்டோரக் குப்பைத் தொட்டியில ஒரு பழைய சர்க்யூட் போர்டைப் பார்த்தார். எடுத்துட்டுப் போய், புத்தக அலமாரியில வைக்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள மாட்டி, 9 வோல்ட் பேட்டரியைச் செருகினார். அவ்வளவுதான், ஆம்ப் ரெடி. அதோட பவர் ஒரு வாட்கூடத் தேறாது. ஆனா, அந்தக் குட்டிப் பெட்டியைத்தான் பேண்டோட கிடாரிஸ்ட் பிரையன் மே ஸ்டூடியோவுல பயன்படுத்தினார். 1975-ல் வந்த 'குட் கம்பெனி' பாட்டுல ஒரு முழு ஜாஸ் பேண்டே வாசிக்கிற மாதிரி கேட்குமே... அது அவரோட கிடாரும் அந்தக் குப்பைத் தொட்டி ஆம்பும் பண்ணின வேலை!

அவரோட கிடார் கதை இன்னும் சூப்பர். 1963-ல், பழைய கணப்பு அடுப்பு ஒண்ணோட மரச்சட்டத்தை எடுத்து, அப்பாவும் பிள்ளையுமா வீட்டுலயே செதுக்க ஆரம்பிச்ச கிடார் அது. ஸ்பிரிங் வந்தது பழைய மோட்டார் பைக்ல இருந்து!

'தி கிங்ஸ்' பேண்டோட டேவ் டேவிஸ் இன்னொரு ரகம். சின்ன, மலிவான ஆம்ப் ஒண்ணோட ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால கிழிச்சார். அது கரகரனு கத்துச்சு. 1964-ல் வெளியான 'யூ ரியலி காட் மி' பாட்டுல உலகம் கேட்டது அந்தக் கரகரப்பைத்தான். (உடனே பிளேடோட ரூம்மேட் ஆம்ப் பக்கம் போயிடாதீங்க!)

ஏன், இன்னிக்கு அந்தஸ்து காட்ட வாங்குற மார்ஷல் ஆம்போட பிறப்பே காசுப் பிரச்னைதான். 1960-களின் தொடக்கத்துல, அமெரிக்காவுல இருந்து வர்ற ஃபெண்டர் ஆம்புகளுக்கு லண்டன்ல யானை விலை. டிரம்ஸ் கடை வெச்சிருந்த ஜிம் மார்ஷல், 'நாமளே செஞ்சா என்ன?'னு இறங்கினார். ஃபெண்டர் 'பேஸ்மேன்' ஆம்போட சர்க்யூட்டைப் பார்த்து அவர் டீம் 1962-ல் செஞ்சதுதான் முதல் மார்ஷல். ஆக, உள்ளூர்ல செஞ்ச மலிவு ஆம்ப்தான் ராக் உலகத்தோட அடையாளமாச்சு.

'அப்ப கருவியே முக்கியம் இல்லையா?'னு கேட்டீங்கன்னா... அவசரப்படாதீங்க!

கருவியும் முக்கியம்தான்... எப்ப?

நம்ம ஊர் உதாரணத்துக்கு வருவோம். மாண்டலின் ஸ்ரீனிவாஸ். 2014-ல் மறைஞ்ச மேதை. சாதாரண மாண்டலின்ல ரெண்டு ரெண்டு ஜோடியா எட்டுக் கம்பி இருக்கும். தட்டினதும் ஒலி சட்டுனு செத்துடும். கர்னாடக இசைக்கோ ஒலி நீண்டு நிக்கணும், அசையணும், வளையணும். அதனால அவர் எலெக்ட்ரிக் மாண்டலினைக் கையில எடுத்தார். ஜோடிக் கம்பிகளைத் தூக்கிட்டு, ஒற்றைக் கம்பியா அஞ்சு போட்டார். அங்கே கருவியை மாத்தினது சும்மா பந்தாவுக்கு இல்லை. ராகம் கேட்டது, மாத்தினார்.

கிடார்ல அதே கர்னாடக இசையை வாசிக்கிற பிரசன்னாவைப் பாருங்க. சென்னை ஐ.ஐ.டி-யில கப்பல் கட்டுற இன்ஜினீயரிங் முடிச்சுட்டு, பெர்க்லீல இசை படிக்கப் போனவர். அவர் கம்பியை இழுத்து ஒரு கமகம் பிடிக்கிறார் பாருங்க... அதுக்கு எந்த ஆம்ப்லயும் குமிழ் கிடையாது. வால்யூம், பேஸ், ட்ரெபிள், கெயின்னு வரிசையா இருக்கும். 'கமகம்'னு ஒண்ணு இருக்காது!

ஆக, விஷயம் இவ்வளவுதான் பாஸ். விரல் ஒண்ணு கேட்குது, கருவியால தர முடியலை. அப்ப கருவியை மாத்துங்க, அது நியாயமான செலவு. விரல் இன்னும் எதுவுமே கேட்கலையா? காசு பத்திரமா பேங்க்லயே இருக்கட்டும்.

கெயினை முழுசாத் திருகி வெச்சு வாசிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்டார்ஷன் ஏறினா, மெதுவாத் தட்டினதும் ஓங்கித் தட்டினதும் கிட்டத்தட்ட ஒரே சத்தமாத்தான் கேட்கும். உங்க வலது கை என்ன லட்சணத்துல இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. தினமும் பத்து நிமிஷம் எந்த எஃபெக்ட்டும் இல்லாம வாசிங்க. விலை மலிவான ஆம்ப்கூட அப்ப உங்களுக்கு வாத்தியார்தான்.

நம்பிக்கை வரலைன்னா ஹாஸ்டல்ல ஒரு டெஸ்ட் வைங்க. நடுவுல ஒரு போர்வையைக் கட்டுங்க. ரெண்டு ஆம்ப், ரெண்டு ஆள், ஒரே பாட்டு. மாத்தி மாத்தி வாசிக்கச் சொல்லுங்க. வெளியில உட்கார்ந்திருக்கிறவங்க, வாசிக்கிற ஆளைக் கண்டுபிடிக்கிறாங்களா, இல்லை ஆம்பைக் கண்டுபிடிக்கிறாங்களானு பாருங்க. பந்தயம் கட்டுறதா இருந்தா நான் ஆள் பக்கம்!

வாட்ஸ் கணக்கு... கொஞ்சம் இன்ஜினீயரிங்!

கடைக்காரர் '20 வாட்ஸ் எடுத்துக்கங்க தம்பி, டபுள் சத்தம்'னு சொன்னா சிரிச்சுக்கங்க. பத்து வாட்ஸ் இருபது ஆனா, கூடுறது வெறும் 3 டெசிபல். 'லேசா ஏறியிருக்கு'னு காது சொல்லும், அவ்வளவுதான். சத்தம் டபுளா இருக்கிற மாதிரி தெரியணும்னா, பவர் சுமார் பத்து மடங்கு ஏறணும். அதாவது 10 வாட்ஸுக்கு அடுத்து 100!

வாட்ஸைவிட ஸ்பீக்கரைக் கவனிங்க. ஒரே பவர் கொடுத்தாலும் ஒரு ஸ்பீக்கர் இன்னொண்ணைவிட 7 டெசிபல் கூடுதலாச் சத்தம் தரலாம். அந்த வித்தியாசம் பவரை அஞ்சு மடங்கு ஏத்தினதுக்குச் சமம். ஹாஸ்டல் ரூமுக்கு 5, 10 வாட்ஸே வார்டனை வரவழைக்கப் போதும்.

டிரம்ஸோட சேர்ந்து பிராக்டீஸ்னா கதை வேற. அங்கே குட்டி ஆம்ப் காணாமப் போயிடும். பெரிய ஸ்பீக்கர் வேணும். கல்ச்சுரல்ஸ் மேடையில? கவலையே வேண்டாம். ஆம்ப் முன்னாடி ஒரு மைக் வெச்சா, மிச்சத்தை மேடையோட பெரிய ஸ்பீக்கர்கள் பார்த்துக்கும்.

'ஆம்ப் எதுக்கு, ஹோம் தியேட்டர்ல சொருகிடுவேன்'ங்கிற புத்திசாலிகளுக்கு... கிடார் பிக்கப்புக்கு எதிர்ல சுமார் பத்து லட்சம் ஓம் இன்புட் வேணும். சாதாரண ஆடியோ இன்புட்ல அதுல நூறுல ஒரு பங்குதான் இருக்கும். ட்ரெபிள் எல்லாம் செத்து, கம்பளி போர்த்தின மாதிரி கேட்கும். கிடார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல ஒலியைத் தானாவே அடக்கிடும். ஹோம் தியேட்டர் அடக்காது. அதனால டிஸ்டார்ஷன் போட்டா அது தேன்கூடு கலைஞ்ச சத்தம்!

பர்ஸ் காலியாகாம இருக்க...

* முதல்ல கிடாரைச் சரி பண்ணுங்க. புதுக் கம்பி, கம்பி உயரத்தைச் சரி பண்ற ஒரு செட்டப். சில நூறு ரூபாயில வர்ற வித்தியாசத்தைப் பார்த்துட்டு, அப்புறம் ஆம்ப் பத்தி யோசிங்க.

* லேப்டாப் இருக்கா? கிடார் சொருகுற 'இன்ஸ்ட்ருமென்ட்' இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒண்ணு போதும். நியூரல் ஆம்ப் மாடலர் மாதிரி இலவச சாஃப்ட்வேர்கள்ல பெரிய ஆம்புகளோட குணத்தையே இறக்கி வாசிக்கலாம். ஹெட்போன் வயரோட இருக்கட்டும். ப்ளூடூத்ல தட்டினதுக்கு அப்புறம்தான் சத்தம் வரும், தாளம் போயிடும்.

* இ.சி.இ. மக்களே... ரிச்சி ஸ்ட்ரீட் எதுக்கு இருக்கு? எல்.எம்.386 சிப், 9 வோல்ட் பேட்டரி, ஒரு குட்டி ஸ்பீக்கர். ரெண்டு பிரியாணி காசுல ஆம்ப் ரெடி! சிப்புக்கு முன்னாடி ஒரு எஃப்.இ.டி. பஃபர் போட்டா ட்ரெபிள் தப்பிக்கும். ஒண்ணாம் பின்னுக்கும் எட்டாம் பின்னுக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர் போட்டா, கெயின் 20-ல இருந்து 200 ஆகும். லேப்ல படிச்சது வீணாகலை!

* கடைக்கு உங்க கிடாரையே எடுத்துட்டுப் போங்க. கடையில தொங்குற விலை உயர்ந்த கிடார்ல வாசிச்சுப் பார்த்தா எந்த ஆம்பும் தேவகானம்தான். கிளீன் சவுண்டை முதல்ல கேளுங்க, அதுவும் ரூம்ல வைக்கப்போற சின்ன வால்யூம்ல. ஹெட்போன் சொருகுற இடம் இருக்கானு பாருங்க. ராத்திரி பிராக்டீஸுக்கு அதுதான் உயிர்.

* செகண்ட்ஹேண்ட் தாராளமா வாங்கலாம். எல்லாக் குமிழையும் திருகிப் பாருங்க, கரகரப்பு வருதானு கேளுங்க. அமெரிக்க மாமா கொண்டுவந்த ஆம்ப்னா, பின்னாடி எத்தனை வோல்ட்னு படிங்க. 120-னு போட்டிருந்தா நம்ம 230-ல நேரா சொருகாதீங்க. புகை வரும்!

* இது விளையாட்டு இல்லை. மூணு பின் பிளக்கோட எர்த் பின்னைப் பிடுங்காதீங்க. 1972-ல் 'ஸ்டோன் தி க்ரோஸ்' பேண்டோட கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே ஷாக் அடிச்சு இறந்துபோனார். வால்வ் ஆம்பைத் திறந்து நோண்டவும் வேண்டாம். உள்ள முந்நூறு வோல்ட்டுக்கு மேல ஓடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர் அடிக்கும்.

கடைசியா, மியூசிக் கிளப் நடத்துற சீனியர்களுக்கு ஒரு கோரிக்கை. இந்த வருஷம் பேனருக்கும் டி-ஷர்ட்டுக்கும் செலவு பண்றதுல கொஞ்சம் மிச்சம் பிடிச்சு, கிளப் பேர்ல நல்ல ஆம்ப் ஒண்ணு வாங்கிப் போடுங்க. செலக்‌ஷனுக்கு வர்ற எல்லாரும் அதுலதான் வாசிக்கணும்னு ரூல் வைங்க. பைக்ல ஆம்ப் கட்டிக்கிட்டு வர்றவனுக்கும் அதே பெட்டி, வெறும் கையோட வர்றவனுக்கும் அதே பெட்டி. நோட்டீஸ்லயே 'ஆம்ப் கொண்டுவரத் தேவையில்லை'னு கொட்டை எழுத்துல போடுங்க. அந்த ஒரு வரிக்காகவே பேர் கொடுக்க நாலு பேர் வருவாங்க. அதுல ஒருத்தன் உங்க எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுறவனா இருக்கலாம்!

(அடுத்த வாரம்: மெட்ரோனோம் - ஏன் எல்லாரும் அதைப் பார்த்து ஓடுறாங்க?)