மீனுக்கு முன்பே ஓடை வேண்டும்



விலங்குகள் தம் வாழிடத்துக்கேற்ற உடலமைப்பைப் பெற்றிருப்பதை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பித்த நாளில், "இயன்றவர்கள் வீட்டில் ஓர் உயிரை வளர்த்துக் கவனியுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே மாணவன் ஒருவன் இரண்டு சிறு மீன்களை வாங்கி வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டான். பாசியைத் தின்று கண்ணாடியைத் தூய்மை செய்யும் மீன் என்று கடையில் சொன்னார்களாம். மூன்றாம் நாள் இரண்டும் இறந்தன.

"தினமும் தண்ணிய மாத்துனேன் ஐயா. ஏன் செத்துப் போச்சு?" என்று கேட்டான். என்னிடம் விடையில்லை. வளர்க்கும் முறையைச் சொல்லிக் கொடுக்காமல் வளர்க்கச் சொன்ன பிழை என்னுடையது.

அவன் காட்டிய படத்தைக் கொண்டு தேடியபோதுதான் அது 'ஹில்ஸ்டிரீம் லோச்' என்று அறிந்தேன். நம் அயிரை மீனின் உறவு. மலையோடை அயிரை எனலாம். சபா, சரவாக் ஓடைகளில் இதன் காஸ்ட்ரோமைசோன் இனங்கள் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதன் சுற்றத்தார் உண்டு. தட்டையான உடல், விசிறிபோல் விரிந்த துடுப்புகள், அடிப்புறத்தில் வாய். பாய்ந்து வரும் வெள்ளத்திலும் பாறையோடு ஒட்டிக்கொண்டு, அதன்மேல் படிந்த மெல்லிய பாசியையும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்னும். இத்தகைய ஓடை உயிர்களின் பற்றும் உறுப்புகளைப் பற்றி இந்திய விலங்கியலாளர் சுந்தர் லால் ஹோரா 1930இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்ட மீனுக்குக் கிண்ணத்தில் என்ன கிடைத்தது? ஓட்டமில்லை. பளபளக்கும் கண்ணாடியில் உணவில்லை. 20 பாகை செல்சியஸ் நீரின் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கும்; 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். தேங்கிய நீரில் அதுவும் விரைவில் குறையும். நாள்தோறும் மாற்றிய குழாய்நீரிலோ குளோரின். பிள்ளை அன்போடு செய்ததே மீனுக்கு நஞ்சாகியிருக்கக்கூடும்.

அவனுக்கு விடை சொல்வதற்காகவே என் வீட்டில் ஒரு தொட்டியை அமைத்தேன். நீளம் 90, அகலம் 45, நீர்மட்டம் 30 சென்டிமீட்டர். கொள்ளளவு எவ்வளவு என்று வகுப்பில் கேட்டேன், 121.5 லிட்டர் என்று கணக்கிட்டார்கள். மணிக்குப் பத்து முறையாவது இந்த நீர் முழுவதும் சுழலவேண்டும். அப்படியானால் ஏறக்குறைய 1,200 லிட்டர் இறைக்கும் பம்பு தேவை. பம்பை ஒரு முனையில் வைத்து, அதன் உறிஞ்சு குழாயை மணலுக்கடியில் மறுமுனைவரை கொண்டு சென்று பஞ்சு மாட்டினேன். நீர் மேலே ஒரு திசையிலேயே ஓடியது. பஞ்சு அழுக்கைப் பிடித்தது. சிறு மீன் உள்ளே இழுபடவும் வழியில்லை. தரைக்கு மணலும் உருண்ட கருங்கற்களும். புளிக்காடி சொட்டினால் நுரைக்கும் சுண்ணக்கல் வேண்டா. அது நீரைக் கடினமாக்கும். மூடியும் கட்டாயம், ஏனெனில் இம்மீன் ஈரக் கண்ணாடியில் ஏறிவிடும்.

பிறகு காத்திருப்பு. குளோரின் நீக்கிய நீரில் நாள்தோறும் சிட்டிகை மீனுணவு இட்டேன். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கற்களில் பாசி படர நாளுக்கு எட்டு மணிநேரம் விளக்கெரிந்தது. "மீனே இல்லாத தொட்டிக்கா இவ்வளவு கரண்டு?" என்றார் என் மனைவி. நியாயமான கேள்விதான்.

ஆறு வாரத்தில் நீர் தயார். கற்களிலும் பச்சை படர்ந்தது. ஆனால் பாகான் டாலாம் கடலோரப் பகுதி. பிற்பகலில் வெப்பமானி 30 பாகை காட்டியது. நீர்ப்பரப்பின் மேல் விசிறி வைத்தும் 28க்குக் கீழே இறங்கவில்லை. இம்மீனுக்கு 20 முதல் 25 பாகை நலம். குளிரூட்டும் கருவி வாங்க எனக்கு வசதியில்லை. ஆகவே மீனை வாங்கவில்லை. அம்மாணவனிடம் வெப்பமானியைக் காட்டி விளக்கினேன். அவனுக்கு ஏமாற்றந்தான், நெடுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்னர் பம்பைத் தணித்து, ஒரு பனையேறிக் கெண்டையை விட்டோம். மலாய்க்காரர்கள் 'புயு' என்பார்கள். நம் வெப்பத்தையும் தேங்கிய நீரையும் தாங்கும், காற்றையும் சுவாசிக்கும்.

பிள்ளைகள் கேட்டவுடன் உயிரை வாங்கித் தருவது அன்பு ஆகாது என்பதே என் கருத்து. அது எங்கே வாழ்ந்தது, எதைத் தின்றது, அதன் நீர் எவ்வளவு குளிர்ந்தது என்ற மூன்று கேள்விகளுக்குப் பிள்ளையே விடை தேடட்டும். ஆறு வாரம் வெறுந்தொட்டியைப் பேணும் பொறுமையும் 25 பாகையில் நீரை வைத்திருக்கும் வசதியும் இருந்தால் மலையோடை அயிரையைத் தாராளமாக வளர்க்கலாம். இல்லையேல் விடுமுறையில் ஒரு மலையோடைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நீரில் கால் வைத்தாலே அந்தக் குளிர்ச்சியும் வேகமும் புரியும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. "வளர்த்துப் பாருங்கள்" என்று சொல்லுமுன் நாம் ஒருமுறை வளர்த்துப் பார்ப்போம். என் தவற்றுக்கு இரண்டு மீன்கள் உயிரிழந்தன. ஒரு பிள்ளை, தன்னால்தான் இறந்தன என்று எண்ணி வருந்தினான்.