நாய்க்கு மூளை ஸ்கேனா? சிரிக்காதீங்க

நாய்க்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கிறாங்கன்னு டீக்கடையில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம்ம ஊர்ப்பக்கம் ஒரு நாய் நுரை தள்ளி, காலை உதறி விழுந்தால் போதும், "வெறி பிடிச்சிருச்சு"ன்னு கம்பைத் தூக்கிவிடுவார்கள். பயம் நியாயம்தான். ஆனால் வெறிநோய் அறிகுறி தெரிந்த நாய் பெரும்பாலும் பத்து நாளைக்குள் செத்துப்போகும். மாசக்கணக்கா அப்பப்ப வலிப்பு வந்து, நடுவில் வழக்கம்போல வாலாட்டிச் சோறு தின்கிற நாய்க்கு இருப்பது வேற நோய். பரம்பரை வலிப்பு பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 6 வயசுக்குள் தொடங்கும். அதுக்கு மேல முதல் தடவையா வலிப்பு வந்தாலோ, ஒரே பக்கமா வட்டமடிச்சாலோ, சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நின்னாலோ, மூளையில் கட்டியோன்னு டாக்டர் சந்தேகப்படுவார்.

எக்ஸ்ரேயில் அந்தக் கட்டி தெரியாது. சிடி ஸ்கேனில் மூளையின் பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் எலும்பு மறைத்துத் தெளிவாக இருக்காது. எம்ஆர்ஐ காந்தத்தை வைத்து எடுப்பது; மூளைச் சதையையே பிரித்துக் காட்டும். மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமாவா, மூளைக்குள்ளேயே வரும் கிளையோமாவா என்று அதை வைத்து ஓரளவு யூகிக்கலாம். நாய்களுக்கு அதிகம் வருவது முதலாவது; மேலாக இருந்தால் ஆபரேஷனில் எடுக்கவும் வாய்ப்புண்டு. உறுதியாச் சொல்ல சதையை எடுத்துப் பரிசோதிக்கணும்.

சங்கடமும் இருக்கு. நாயை "ஆடாம படு"ன்னு சொல்ல முடியுமா? மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்கணும். வயசான நாய்க்கு அதில் ஆபத்து உண்டு. செலவும் நம்மளை மாதிரி ஆளுங்களுக்குப் பெரிசு.

அதனால பணம் கட்டும் முன்னாடி டாக்டரிடம் ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "ஸ்கேன் பார்த்தப்புறம் வைத்தியம் மாறுமா?" ஆபரேஷனோ கதிர்வீச்சோ செய்ய வழியிருந்தால் எடுங்க. இல்லைன்னா டாக்டர் சொல்ற வலிப்பு மாத்திரையும், மூளை வீக்கம் குறைக்கிற ஸ்டீராய்டும் கொடுத்து, இருக்கிற நாளை நிம்மதியா கழிக்க விடலாம். அது கஞ்சத்தனம் இல்லை.

வலிப்பு வரும்போது வாய்கிட்ட கை கொண்டு போகாதீங்க. செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்க. கடிச்சிட்டா சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவிட்டு, ஊசி போட உடனே ஓடுங்க.

ஸ்கேன் எடுக்க வசதியில்லாதது குத்தமில்லை. வருசக்கணக்கா தோட்டங்காத்த நாயை, என்ன நோய்னு கேக்காமலே அடிச்சுக் கொல்றதுதான் குத்தம்.