கறுப்புத் திரைக்கு ஏன் இந்தப் பயம்?

“கமாண்ட் லைனா? அதெல்லாம் ஐடிக்காரங்க சமாச்சாரம், நமக்கு இலக்கியம் போதும்.” மின்னூல் வேலை பார்க்கும் நண்பர்கள் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார்கள். அந்தப் பெருமைதான் நம் புத்தகங்களைக் கெடுக்கிறது என்கிறேன்.

‘கௌரவம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் ஔகாரக் குறி ஒரே குறி. அதற்குப் பதிலாக ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ளகரத்தை அடித்தாலும் திரையில் கிட்டத்தட்ட அப்படியேதான் தெரியும். எத்தனை தடவை மெய்ப்புப் பார்த்தாலும் கண்ணில் மாட்டாது. ஆனால் தேடினால் கிடைக்காது. சொல் நாவலில் இருக்கு, ஆனா இல்லை.

சரி, திருத்திடலாம் என்று வேர்டைத் திறக்கிறோம். எகரக் கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரக் குறி போடச் சொல்லி, ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று ஒரே அமுக்கு. முடிஞ்சுது கதை. ‘வெளி’, ‘தெளிவு’, ‘வெள்ளம்’ எல்லாமே காலி. வெள்ளத்தில் ஒரு ளகரம் தொலைந்து, புள்ளி அந்தரத்தில் தொங்கும். சேமித்து மூடியும் ஆச்சு. எதை மாற்றினோம் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

‘செட்’ வேறு ஜாதி. கோப்பை வரிவரியாக வாசித்து, நாம் சொன்ன விதியைப் போட்டு, விளைவைத் திரையில் கொட்டும். நாமாகக் கேட்டால் ஒழிய மூலத்தைத் தொடாது. விதிகளைத் தனிக் கோப்பாகவே வைத்துக்கொள்ளலாம்: ‘கெளர’ என்றால் ‘கௌர’, ‘மெளன’ என்றால் ‘மௌன’. பழையதையும் புதியதையும் ‘டிஃப்’ போட்டால் எந்தெந்த வரி மாறியது என்று தெரிந்துவிடும்.

செட் புத்திசாலி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அகலமான விதி கொடுத்தால் அதுவும் வெள்ளத்தைச் சிதைக்கும். ஆனால் அந்தத் தப்பு எழுத்தில் இருக்கும். விதியைத் திருத்தி, மூலத்திலிருந்து மறுபடி ஓட்டலாம். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

இது இலக்கியத்துக்கு அந்நியமான கருவி என்பதும் பொய். 1970களில் பெல் ஆய்வகத்தில் செட்டை உருவாக்கியவர் லீ மக்மஹன். அமெரிக்காவின் ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளில் எதை யார் எழுதியது என்று, நடையை வைத்து ஆராய முயன்றவர் அவர். அவ்வளவு பெரிய கோப்புகள் ‘எட்’ எடிட்டரில் அடங்கவில்லை. அந்தத் தேவைக்காகத்தான் கென் தாம்சன் ‘கிரெப்’பை எழுதிக் கொடுத்தார். செட் அதன் தம்பி. கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தது ஒரு வாசகனின் கேள்வி.

உ.வே.சா. பாடபேதங்களை அடிக்குறிப்பில் பதிந்துவைத்தார் என்று மேடையில் மெச்சுகிறோம். நம் கையில் இருக்கும் கோப்பில் நாம் என்ன மாற்றினோம் என்று பத்து வரி எழுதிவைக்கச் சொன்னால் மட்டும், “அது டெக்னிக்கல்” என்கிறோம். அது டெக்னிக்கல் இல்லை சார். அதற்குப் பெயர் பதிப்பு.