வார்டிலும் வேண்டும் ஓர் அதிர்வுமானி

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியபோது, தொழிலாளர்கள் மிகவும் அஞ்சியது பாறை வெடிப்புக்குத்தான். அதைக் கண்காணிக்க அதிர்வுமானிகள் வைக்கப்பட்டன. பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988இல் இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத ஆபத்தை முதலில் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்பது சுரங்கம் கற்றுத்தந்த பாடம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையையும் தனியார் நர்சிங் ஹோம்களையும் நம்பியிருக்கும் இவ்வூருக்கு அந்தப் பாடம் இன்னொரு இடத்தில் தேவைப்படுகிறது. அது மருத்துவமனையிலேயே தொற்றும் நோய்.

வளரும் நாடுகளில் மருத்துவமனையில் சேரும் நூறு பேரில் சுமார் 15 பேருக்கு இத்தகைய தொற்று ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. வளர்ந்த நாடுகளில் இது ஏழு. பாறைத்தூசியைச் சுவாசித்து சிலிகோசிஸ் வந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதால், முன்னாள் தொழிலாளர்களுக்கு நெரிசலான வார்டே ஆபத்தாகலாம். கண்காணிப்பால் பயன் உண்டா என்ற கேள்விக்கு 1985இல் வெளியான அமெரிக்க ஆய்வு விடை தந்தது. முறையான கண்காணிப்பும் தடுப்பும் இருந்த மருத்துவமனைகளில் தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இல்லாத இடங்களில் கூடியது. இந்தியாவில் 2017-18இல் 26 மருத்துவமனைகளின் 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரே முறையில் தொற்றுகள் கணக்கிடப்பட்டன. நல்ல தொடக்கம்தான். ஆனால் சிற்றூரின் பிரசவ வார்டு அந்த வலைக்குள் வருவதில்லை.

ஆய்வகமும் ஆளும் இல்லாமல் சிறிய மருத்துவமனை என்ன செய்யும் என்று கேட்கலாம். எல்லாவற்றையும் எண்ண வேண்டியதில்லை. சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று நர்ஸ் தினமும் குறித்தால், எத்தனை குழாய் நாட்களுக்கு எத்தனை தொற்று என்ற விகிதம் கிடைத்துவிடும். தேவையில்லாத குழாயை அகற்றவும் அதுவே நினைவூட்டும். சிசேரியன் தையல் பெரும்பாலும் வீடு திரும்பியபின்தான் சீழ் பிடிக்கும். பச்சிளங்குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் ஆஷா பணியாளர் தாயிடமும் ஒரு கேள்வி கேட்டால் போதும். நோயாளி வெளியிலிருந்தே தொற்றைக் கொண்டுவந்திருக்கலாமே என்ற வாதத்துக்கும் விடை உண்டு: சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பின் தலைகாட்டும் தொற்றுகளையே பொதுவாக இக்கணக்கில் சேர்க்கிறார்கள்.

உண்மையை எழுதும் மருத்துவமனைக்குக் கெட்ட பெயர் வரும், மறைப்பது தப்பிக்கும் என்ற அச்சம் இவற்றைவிட வலுவானது. தேடுகிற இடத்தில்தான் தொற்று அதிகம் தென்படும். ஆகவே, இந்த எண்களை வைத்துத் தரவரிசை போடுவதும் நர்ஸுக்கு மெமோ கொடுப்பதும் கணக்கையே பொய்யாக்கிவிடும். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடட்டும். எண் கூடினால் கை கழுவத் தண்ணீர் வருகிறதா, கருவிகள் சரியாகக் கிருமிநீக்கம் ஆகின்றனவா என்று மாவட்ட நிர்வாகம் பார்க்கட்டும். அதிர்வைக் காட்டியதற்காகக் கருவியை உடைக்கும் சுரங்கத்தில் எவரும் இறங்கத் துணியமாட்டார்கள்.