விளக்கு எரிகிறது, வழி இருக்கிறதா?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அணை போட்டுவிட்டோம் என்று ஏட்டில் எழுதி வைத்தால் மட்டும் போதுமா? வெள்ளம் வரும்போது அது தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? கணினி வலைப்பின்னலைப் பற்றிய இக்கட்டுரையில் நான் கேட்க விரும்புவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

சென்ற ஆண்டு, தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். பணம் எடுப்பதற்காக என் தந்தையார் அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு என்னுடன் வங்கிக் கிளை ஒன்றுக்கு வந்தார். “லைன் இல்லை பெரியவரே, நாளைக்கு வாங்க” என்றார்கள். மாற்று லைன் ஒன்று இருப்பதாகவும், அது ஏனோ எடுக்கவில்லை என்றும் சொன்னார்கள். மூலையிலிருந்த பெட்டியில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மாலைவரை காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினோம். மறுநாள் அபராதத்துடன் கட்டணம் கட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையார் வழியில் கேட்டார்: “விளக்கு எரியுதே, அப்புறம் எப்படிடா லைன் இல்ல?” பட்டப் படிப்புப் படிக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்கு விடை இந்த ஆண்டு ஆய்வகத்தில் கிடைத்தது. கிளையையும் தலைமை அலுவலகத்தையும் நிரந்தரமான குத்தகை லைன் ஒன்று இணைக்கும். அது அறுந்தால், மோடம் சாதாரணத் தொலைபேசி வழியாக மறுமுனையை அழைத்து இணைப்பை உண்டாக்கும். இதுவே டயல்-அப் மாற்று இணைப்பு. தொலைபேசி லைனில் சாதாரண மோடங்கள் இரண்டு பேசிக்கொண்டால் வேகம் நொடிக்கு 33.6 கிலோபிட்தான். ஒற்றையடிப் பாதைதான், ஆயினும் ஊர் போய்ச் சேரலாம்.

நாங்கள் இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே இரண்டு வழிகள் அமைத்தோம். முதன்மை வழியை ஒரு சுவிட்ச் ஊடாகக் கொண்டு சென்றோம். இரண்டு வழிகளையும் கையால் எழுதிய நிலையான வழிகளாகவே வைத்தோம். ரவுட்டரின் அருகிலேயே கம்பியைப் பிடுங்கியபோது மாற்று வழி உடனே வேலை செய்தது. மகிழ்ந்தோம். பிறகு சுவிட்சுக்கு அப்பால் உள்ள கம்பியைப் பிடுங்கினோம். எங்கள் பக்க ரவுட்டரின் விளக்கு அணையவில்லை. அது செத்த வழியிலேயே தகவலை அனுப்பிக்கொண்டிருந்தது. பாலம் இடிந்த பின்னும் அதே திசையைக் காட்டி நிற்கும் கைகாட்டி மரம் போன்றது நிலையான வழி!

அடுத்து முதன்மை வழியில் ஓ.எஸ்.பி.எஃப். என்னும் டைனமிக் ரவுட்டிங் முறையை அமைத்தோம். இதில் ரவுட்டர்கள் 10 நொடிக்கு ஒருமுறை ‘ஹலோ’ சொல்லி ஒன்றையொன்று நலம் விசாரிக்கின்றன. 40 நொடி பதில் இல்லையென்றால் அந்த வழியைக் கைவிடுகின்றன. விளக்கை நம்பாமல் மறுமுனையின் குரலை நம்புவதுதான் இதன் சிறப்பு.

“ஹலோ சொல்லிச் சொல்லியே தொலைபேசிக் கட்டணம் ஏறிவிடாதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாற்று லைனிலும் ஹலோ ஓடினால் அது ஓயாமல் அழைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே அந்த லைனில் ஹலோவை விடக் கூடாது. அங்கே நிலையான வழி ஒன்றை எழுதி, அதற்கு 200 என்ற எண்ணைத் தர வேண்டும். சிஸ்கோ ரவுட்டரில் ஓ.எஸ்.பி.எஃப். வழியின் எண் 110. குறைந்த எண்ணுக்கே முதலிடம் என்பதால், முதன்மை வழி உயிரோடு உள்ளவரை மாற்று வழி உறங்கும். அது மறைந்ததும் விழித்து அழைக்கும். இதை இரு முனைகளிலும் செய்ய வேண்டும். ஒரு முனையில் மட்டும் செய்தால் போன தகவல் போகும், பதில் திரும்பாது.

டயல்-அப் இன்று அருகிவிட்டது. அதன் இடத்தில் 4ஜி சிம் பொருத்திய ரவுட்டர்கள் வந்துள்ளன. கருவி மாறினாலும் இந்தப் பாடம் மாறவில்லை. மாற்று இணைப்பு வாங்கியதாகக் கணக்குக் காட்டுவது வேறு. அது வேண்டிய நேரத்தில் தானே எழுந்து வருவது வேறு. மாதம் ஒருமுறையேனும், அதுவும் தொலைவில் உள்ள முனையில், இணைப்பைத் துண்டித்துப் பார்க்காத எந்த அலுவலகமும் தனக்கு மாற்று வழி இருப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது என் துணிபு.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் இத்தகைய பெட்டிகளைப் பராமரிக்கும் பணிக்குச் செல்லக்கூடும். அப்போது பச்சை விளக்கைப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். ஏனெனில் அந்த லைனின் மறுமுனையில், ஒரு நாள் கூலியை இழந்து, கையில் பாஸ்புத்தகத்துடன் ஒருவர் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

— பி.எஸ்ஸி. கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு