அல்புமினும் அகப்பையும்

சித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நம் நண்பர் ஒருவருக்குத் தொண்டையில் புற்று நோய். வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் 7 வாரங்களில் 35 தடவை கதிர்வீச்சுச் சிகிச்சை என்று ஏற்பாடு. நான்காவது வாரம் அவரைப் பார்த்து வரப் போயிருந்தோம்.

கூடத்தில் நண்பரின் தமக்கையார் ரத்தப் பரிசோதனைத் தாளும் கையுமாக நின்று, சமையலறைக்குக் கேட்கும்படி, "அல்புமின் 2.9 ஆம்! 3.5-க்குக் கீழே போகக் கூடாதாம். வேளா வேளைக்குக் கவனித்துப் போட்டிருந்தால் என் தம்பிக்கு இந்தக் கதி வருமா?" என்று கேட்டுக் கொண்டிருந்தார். உள்ளே நண்பரின் மனைவி மறுமொழி சொல்லாமல் கஞ்சி வடிகட்டிக் கொண்டிருந்தார். பையன் மார்க்கு வாங்காவிட்டால் வாத்தியாரின் தலையை உருட்டுகிற பெற்றோரை இருபது வருஷமாகப் பார்த்து வரும் நமக்கு, அந்த அம்மாளிடம் அனுதாபம் பிறந்தது இயற்கையே. ஆனால் அனுதாபம் வேறு, நியாயம் வேறு அல்லவா? அல்புமின் குறைந்ததற்கு அகப்பையைக் குற்றம் சொல்லலாமா என்று விசாரித்துப் பார்த்தோம்.

அல்புமின் என்பது கல்லீரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். ரத்தத்திலுள்ள நீர் குழாய்களை விட்டுக் கசிந்து போகாமல் காப்பது அதன் முக்கியமான வேலை. உடம்பின் போஷாக்கை நிறுக்க இதுவே தராசு என்று வைத்தியர்கள் வெகு காலம் நம்பி வந்தார்கள். ரத்தத்திலுள்ள அல்புமினில் பாதி அழிவதற்கு ஏறக்குறைய 20 நாள் ஆகிறபடியால், இரண்டே நாளில் பாதி அழியும் பிரி-அல்புமின் என்ற இன்னொரு புரதத்தையும் துணைக்குச் சேர்த்துக் கொண்டார்கள்.

பிற்பாடு குட்டு வெளிப்பட்டது. உடம்பில் அழற்சி உண்டானால் கல்லீரல் அல்புமின் வேலையைச் சுருக்கிக் கொண்டு, சி-ரியாக்டிவ் புரதம் முதலிய அவசர காரியங்களில் இறங்கி விடுகிறது. இருக்கிற அல்புமினும் குழாய்ச் சுவர் வழியே கசிகிறது. அழற்சியோ கட்டியாலும் உண்டாகும். கதிர் பட்டுப் புண்ணான தொண்டையாலும் உண்டாகும். அப்போது விருந்தே சாப்பிட்டாலும் எண் இறங்கும். இதற்கு நேர் மாறாக, உண்ண மறுத்து எலும்பும் தோலுமாகிப் போகும் அனோரெக்சியா நோயாளிகள் பலருக்கு அல்புமின் ஒழுங்காகவே இருக்கிறது! லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்ப்பதும் உண்டு. அவற்றைக் கதிர்வீச்சே கொன்று விடுகிறது. அல்புமினையும் பிரி-அல்புமினையும் போஷாக்கின் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்று அமெரிக்காவின் ஆஸ்பென் சங்கம் 2020-ல் கூறிவிட்டது. எண் வீண் என்பதல்ல; அது குறைந்தால் நோயின் கடுமை அதிகம், வைத்தியர் விழிப்பாயிருக்க வேண்டும் என்று அர்த்தம். நாத்தனார் விழிப்பாயிருக்க வேண்டும் என்று அர்த்தமல்ல.

ஆனால் அகப்பைக்கும் முழு விடுதலை கிடைக்கவில்லை. மறுநாள் நாமும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனோம். அங்கே உணவு ஆலோசகர் அல்புமினைப் பற்றிப் பேசவேயில்லை. எடையைத்தான் கேட்டார். சிகிச்சை ஆரம்பித்த அன்று 61 கிலோ, அன்றைக்கு 55. வீட்டில் எல்லோரும் தாளைப் பார்த்தார்களே தவிர, நண்பரின் வேஷ்டி இடுப்பில் நில்லாமல் நழுவுவதை ஒருவரும் பார்க்கவில்லை, நாமும்தான். வடிகட்டிய கஞ்சியில் தண்ணீரைத் தவிர என்ன இருக்கிறது? கிலோ எடைக்குத் தினம் 25 முதல் 30 கலோரி, புரதம் 1 கிராமுக்கு மேல், கூடுமானால் 1.5 கிராம் என்பது ஐரோப்பிய நிபுணர்களின் கணக்கு. முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம்தான். நண்பரோ முட்டை தொடாதவர். காரமும் புளியும் தொண்டையில் நெருப்பாய் எரிகின்றன. ஆகவே குழைத்த பாசிப்பருப்பு, கெட்டித் தயிர், பால், நெய் என்று ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். இரண்டு மணிக்கொரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக.

டின்னில் வரும் புரதப் பொடி வாங்கலாமா என்று தமக்கையார் கேட்டார். லிஸ்பன் நகரில் குடல் புற்று நோய்க்குக் கதிர்வீச்சுப் பெற்ற 111 பேரை மூன்றாகப் பிரித்துச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2005-ல் வெளியாயிற்று. வழக்கமான உணவையே திருத்திச் சாப்பிட ஆலோசனை பெற்றவர்கள் மூன்று மாதத்திற்குப் பின்னும் தங்கள் சாப்பாட்டின் அளவைக் காப்பாற்றிக் கொண்டார்கள். புரதச் சத்து பெற்றவர்கள் பழைய நிலைக்கோ அதற்கும் கீழேயோ போய்விட்டார்கள். இதைச் சொன்னதும் தமக்கையார் சற்று நேரம் பேசவில்லை. சாயங்காலம் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் வைத்தார்.

இப்போது அதன் பக்கத்தில் ஒரு காலண்டர் தொங்குகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 55.4 என்று எழுதியிருந்தது. எழுத்து தமக்கையாருடையது. சமையலறையில் பருப்பு மசித்துக் கொண்டிருந்ததும் அவரேதான்.